கிளை நூலகத்தில் வாசகர் வட்டத்தை எப்படித் தொடங்குவது? யாருக்கு எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது?

எங்கள் ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் தொடங்க நினைக்கிறோம், புத்தகங்களை எப்படிப் பரிந்துரைப்பது, கூட்டங்களை எப்படி நடத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் நூலகர் இல்லை. தூத்துக்குடி மாவட்டத்தில் கடலோரச் சிற்றூர் ஒன்றில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தை ஏழு ஆண்டுகளாக நடத்திவரும் நான்கைந்து பேரில் நானும் ஒருத்தி. நான் சொல்வது முழுக்க அந்த அனுபவத்திலிருந்துதான்.

முதல் கூட்டத்துக்குத் தேதி குறிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். நூலகரிடம் சொல்லிவிட்டு, புத்தகங்களைத் திருப்பித் தரும் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு வாரம் உட்காருங்கள். புத்தகம் எடுக்க வருகிறவர் அவசரத்தில் இருப்பார், தயக்கத்தில் இருப்பார். திருப்பித் தர வருகிறவரிடம் சொல்வதற்கு ஏதோ ஒன்று இருக்கும். அதை யாரும் கேட்பதில்லை. முத்திரை விழுந்ததும் புத்தகம் அலமாரிக்குப் போய்விடுகிறது, அவர் நினைத்தது அவரோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

"நன்றாக இருந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "நன்றாக இருந்தது" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். நான் கேட்பது, "எதுவரை படித்தீர்கள்?" என்பதுதான். பாதியில் நிறுத்தியவரும் கூச்சமில்லாமல் பதில் சொல்வார். எந்தப் பக்கத்தில் நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்று தெரிந்துவிட்டால், அடுத்து அவருக்கு எதைக் கொடுக்கலாம் என்பதில் பாதி தெளிந்துவிடும்.

எங்கள் தெருவில் லாரி ஓட்டி ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். மாத நாவல்களாகவே படிப்பார். நூலகத்தில் இருந்த துப்பறியும் கதைகள் எல்லாம் தீர்ந்துபோய், படித்ததையே மறுபடியும் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கதைகளில் என்ன பிடிக்கும் என்று கேட்டேன். "ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் தாயி. வண்டி நிற்கக் கூடாது" என்றார். பூமணியின் 'வெக்கை'யை எடுத்துக் கொடுத்தேன். கொலை செய்துவிட்ட பதினைந்து வயதுப் பையனும் அவன் தகப்பனாரும் ஊரை விட்டு ஓடி ஒளிகிற கதை. எழுதியவரும் நம் மாவட்டத்து மனிதர், கோவில்பட்டிப் பக்கம். மூன்றாம் நாள் அண்ணாச்சி வந்தார். "யார் கொன்றான் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறார். ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை. அந்தக் காட்டில் நானும் அவர்களோடு பசியோடு கிடந்தேன்" என்றார். 'இலக்கியம் படியுங்கள்' என்று சொல்லியிருந்தால் அவர் புத்தகத்தைத் தொட்டிருக்கவே மாட்டார். அவர் கேட்டது ஓட்டம். அது அந்த நாவலில் இருந்தது, அவ்வளவுதான். பிறகு பூமணியின் 'பிறகு' நாவலை அவராகவே கேட்டு வாங்கிப் போனார்.

இதற்கு நேர்மாறாக நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண், "எனக்கு ஏதாவது நல்ல புத்தகம் கொடுங்கள் அக்கா" என்றாள். அவளிடம் ஒரு கேள்வியும் கேட்காமல், எனக்கு மிகவும் பிடித்த, அறுநூறு பக்கத்துக்கு மேல் போகும் நாவலைக் கையில் திணித்தேன். நான்கு மாதம் அவள் நூலகத்தின் பக்கமே வரவில்லை. புத்தகத்தைத் தம்பியிடம் கொடுத்தனுப்பிவிட்டாள். படித்து முடிக்கவில்லை என்று என்னிடம் சொல்ல அவளுக்கு வெட்கம். அது இன்னும் எனக்கு உறுத்துகிறது. என் ரசனையை அவள் தலையில் ஏற்றி, ஒரு வாசகியை நான்கு மாதம் விரட்டிவிட்டேன். அன்றிலிருந்து நூறு, நூற்றைம்பது பக்கத்துக்கு மேல் போகாத புத்தகத்தைத்தான் முதலில் கொடுக்கிறேன். அதுவும் இரண்டு மூன்று புத்தகங்களை மேஜையில் வைத்து, அவர்களையே புரட்டிப் பார்த்து எடுக்கச் சொல்கிறேன்.

கூட்டங்களுக்கு வருகிறேன்.

முதல் ஆண்டு நாங்களும் எல்லோரும் நடத்துவது போலத்தான் நடத்தினோம். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, பொன்னாடை, நன்றியுரை. வெளியூரிலிருந்து வந்தவர் ஒரு மணி நேரம் பேசுவார், நன்றாகவே பேசுவார். கேட்டவர்கள் கை தட்டிவிட்டுப் போவார்கள். அடுத்த நாள் அந்தப் புத்தகத்தைத் தேடி யாராவது வந்தார்களா என்று பார்த்தால், பெரும்பாலும் யாரும் இல்லை. இரண்டாம் ஆண்டு முறையை மாற்றினோம். அந்த மாதம் புத்தகம் திருப்பித் தந்தவர்களில் ஐந்து பேர் பேச வேண்டும், ஆளுக்கு ஐந்து நிமிடம், உட்கார்ந்தபடியே. மைக் கிடையாது. பேசிய புத்தகம் அந்த மேஜையிலேயே இருக்கும். விரும்புகிறவர் அப்போதே எடுத்துக்கொள்ளலாம். நூலகர் சார் பதிவேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். லாரி அண்ணாச்சி 'வெக்கை'யைப் பற்றிப் பேசிய அன்று அந்த ஒரு பிரதிக்கு ஆறு பேர் பெயர் கொடுத்தார்கள். அந்த நாவலைத் தழுவிய 'அசுரன்' படம் 2019இல் வந்த பிறகு அந்த வரிசை இன்னும் நீண்டது.

ஒரே பிரதி என்பது கிளை நூலகத்தின் பெரிய சங்கடம். எல்லோரும் ஒரே நாவலைப் படித்துவிட்டு வந்து பேசுவது எங்களைப் போன்ற இடத்தில் நடக்காது. இதற்கு நாங்கள் கண்ட வழி, ஒரு புத்தகத்துக்குப் பதிலாக ஓர் எழுத்தாளரை எடுத்துக்கொள்வது. கி. ராஜநாராயணனின் ஒரு புத்தகம் எட்டுப் பிரதி இருக்காது. ஆனால் அவருடைய வேறு வேறு புத்தகங்கள் ஏழெட்டு இருக்கும். ஆளுக்கொன்று படித்துவிட்டு வந்தால், ஒருவர் படிக்காததை இன்னொருவர் சொல்வார். பேச்சும் சுவையாகப் போகும்.

எங்கள் கூட்டங்களில் என்னால் மறக்கவே முடியாதது நூலக வார விழாவில் நடந்த ஒன்று. நவம்பர் 14 முதல் 20 வரை நாடு முழுவதும் நூலக வாரம். எங்கள் பகுதியில் அது மழைக்காலம், உப்பளங்களில் வேலை ஓய்ந்திருக்கும் நேரம். அளத்துக்குப் போகும் பெண்கள் வீட்டில் இருப்பார்கள். அவர்களை அழைத்து, ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலிலிருந்து சில பக்கங்களை வாசிக்கலாம் என்று முடிவு செய்தோம். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் வாழ்க்கையை, அளங்களுக்கு நேரில் வந்து பார்த்து அவர் எழுதிய நாவல் அது. அவருடைய எழுத்துகள் 2009இல் நாட்டுடைமை ஆக்கப்பட்டுவிட்டதால், வேண்டிய பக்கங்களைப் பிரதி எடுத்து எல்லோர் கையிலும் கொடுக்கவும் தடை இருக்கவில்லை.

பதினான்கு பெண்கள் வந்தார்கள். பாதிப் பேருக்குச் சரளமாக வாசிக்க வராது. கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் உரக்க வாசித்தாள். இரண்டு பக்கம் தாண்டியிருக்கும், எங்கள் பக்கத்து வீட்டு மதினி கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். முப்பது ஆண்டுக்கு மேல் உப்பு வாரியவர். "இதை எழுதினது யார்? நம்ம ஊர்க்காரியா?" என்றார். இல்லை, திருச்சிப் பக்கம் முசிறியில் பிறந்தவர் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, வெயிலில் உப்பின் வெள்ளை கண்ணை எப்படிக் கொல்லும், வெடித்த காலோடு உப்புத் தண்ணீரில் இறங்கினால் எப்படி இருக்கும் என்று தொடங்கியவர் நிறுத்தவே இல்லை. மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அதன் பிறகு நாவலை நாங்கள் அன்று வாசிக்கவே இல்லை, வாசிக்கத் தேவையும் இருக்கவில்லை. மறுவாரம் மதினி தன் மகளை அனுப்பி அந்தப் புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். இரவில் மகள் வாசிக்க வாசிக்கக் கேட்டே முழு நாவலையும் முடித்தார்.

உங்கள் ஊரில் என்ன தொழில் நடக்கிறது என்று பாருங்கள். நெசவோ, தேயிலையோ, மீன்பிடியோ, அதைப் பற்றித் தமிழில் யாராவது எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். கூட்டத்தை அந்தத் தொழில் ஓய்ந்திருக்கும் மாதத்தில் வையுங்கள்.

கிளை நூலகத்தில் அதிக நேரம் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று கவனித்திருப்பீர்கள்: போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். வாசகர் வட்டத்தினர் பலரும் அவர்களை வாசகர்களாகவே எண்ணுவதில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. டிஎன்பிஎஸ்சி தேர்வுக்காக நூல், நூலாசிரியர் பெயர்களை அவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு பையன் என்னிடம் இருபது நாவல்களின் பெயரையும் ஆசிரியர்களையும் மூச்சுவிடாமல் சொன்னான். ஒன்றைக்கூடப் படித்ததில்லை. அவனை எழுப்பி அலமாரிக்கு அழைத்துப் போய், அவன் சொன்ன இருபதில் ஒன்பது அங்கேயே இருப்பதைக் காட்டினேன். தன் முதுகுக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் அவை இரண்டு வருடமாக இருந்தன என்பது அவனுக்கு நம்ப முடியாத செய்தி. கையில் எடுத்துப் பார்த்து, "இது இவ்வளவு சின்னப் புத்தகமா!" என்றான். அவன் கையில் இருந்தது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் உழலும் ஒரு தெருவின் கதை. தேர்வு முடிந்த வாரம் அதைத்தான் முதலில் எடுத்தான்.

அலமாரியில் உறங்கும் புத்தகங்களுக்கும் ஆள் தேட வேண்டும். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகத்தின் ஐந்து விதிகளில், வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாவது. நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாவது. இரண்டாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். புத்தகத்தின் பின்னட்டைக்குள் ஒட்டியிருக்கும் தேதித் தாளைப் பாருங்கள். முத்திரையே விழாத புத்தகங்கள் எத்தனை என்று தெரியும். மாதம் மூன்றை எடுத்து வாசலுக்கு அருகே வைத்து, ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதிச் செருகுகிறோம். ரா. பி. சேதுப்பிள்ளையின் 'ஊரும் பேரும்' அப்படித் தூசியில் கிடந்தது. "நம் பக்கத்து ஊர்ப் பெயர்களுக்கு அர்த்தம் தேடியதுண்டா? இதில் பாருங்கள்" என்று எழுதி வைத்தோம். ஒரே ஆண்டில் நான்கு முறை வெளியே போய்வந்தது.

வேண்டிய புத்தகம் நூலகத்தில் இல்லையென்றால் கேளுங்கள், எழுதிக் கொடுங்கள். சொத்து வரியோடு நூலக வரியும் ரூபாய்க்கு 10 காசு என்று நாம் கட்டிக்கொண்டிருக்கிறோம். 1948இல் வந்த பொது நூலகச் சட்டம் அதற்கு வழி செய்தது. வரி கட்டுகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்பதில் கூச்சம் எதற்கு? எங்கள் நூலகர் சார் சில புத்தகங்களை மாவட்ட மைய நூலகத்திலிருந்து வரவழைத்துத் தந்திருக்கிறார். 1,000 ரூபாய் கொடுத்துப் புரவலராகச் சேர ஊரில் நாலு பேரை அணுகுவதும் வாசகர் வட்டத்தின் வேலைதான்.

முதல் கூட்டத்துக்கு என்ன செய்வது என்று தயங்கினால், ஒரு சிறுகதையை உரக்க வாசியுங்கள். யாரும் முன்கூட்டியே படித்துவிட்டு வரத் தேவையில்லை. நாங்கள் எடுத்தது கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. அவரும் நம் மாவட்டத்து மனிதர், கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரர். குழந்தைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கும் ஒருவரையும், அவர் கவனிக்கத் தவறிய ஒரு சிறுவனையும் பற்றிய கதை. முடிவை இங்கே சொல்ல மாட்டேன். வாசித்து முடித்ததும் யாரையும் உடனே பேசச் சொல்லாதீர்கள், அந்த அமைதியைக் கொஞ்சம் இருக்க விடுங்கள்.

அன்று கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அக்காவின் பெயரில் இருந்த அட்டையில் புத்தகம் எடுத்துவந்த மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் நூலகர் சாரின் மேஜை முன்னால் போய் நின்றான். "என் பேரில் ஒன்று வேண்டும் சார்" என்றான். சார் படிவத்தை எடுத்துக் கொடுத்தார். மறுநாள் காலை நூலகம் திறப்பதற்கு முன்பே, அம்மாவிடம் கையெழுத்து வாங்கிய படிவத்தோடு அவன் படியில் உட்கார்ந்திருந்தான்.