அட்டைக்குறிப்பை நம்பி அழித்த நூல்கள்

அன்புள்ள ஐயா,

என்னிடம் 4000 சொச்சம் மின்நூல்கள் இருக்கின்றன, எல்லாம் காலிபர் என்ற மின்நூல் நூலக மென்பொருளில். பத்து வருடச் சேகரம். போன மாதம் ஒரு ஏஐ உதவியாளரை எம்சிபி என்ற இணைப்பு முறை வழியாக அதோடு இணைத்தேன். இப்போது என் நூலகத்தோடு பேச முடிகிறது. மரணத்தைப் பற்றி யார் யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டால் பத்து வரியில் சொல்லிவிடுகிறது. இனி படிக்கத் தேவையில்லாத நூல்கள் எவை என்று கேட்டேன், ஒரு பட்டியல் தந்தது. அதை நம்பி போன வாரம் 600 நூல்கள் வரை நீக்கிவிட்டேன். மனம் லேசானது. அப்பா ஸ்கேன் செய்து வைத்திருந்த பழைய பிடிஎஃப்களையும் ‘உள்ளடக்கம் இல்லாதவை’ என்று அந்தப் பட்டியலில் சேர்த்திருந்தது. அப்பா இப்போது இல்லை, அவற்றை நீக்க மட்டும் கை வரவில்லை. எந்த உதவியாளர் சிறந்தது, சந்தா கட்டலாமா, முழு நூல்களையும் அதற்குத் திறந்துவிடுவதா அல்லது பட்டியல் மட்டும் போதுமா, இப்படிப் படிப்பதும் வாசிப்புதானா? உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டும்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

இதைப் படித்ததும் முதல் வேலையாகக் காலிபரைத் திறங்கள். அதன் வழியாக நீக்கிய நூல்கள் உடனே அழிவதில்லை. நூலகத்துக்குள்ளேயே ஒரு குப்பைத்தொட்டி இருக்கிறது, நீங்கள் அமைப்பை மாற்றாமல் இருந்தால் 14 நாள் வரை அதில் கிடக்கும். போன வாரம்தான் என்கிறீர்கள், நேரம் இருக்கிறது. மீட்டுவிட்டு வாருங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

மீட்டாயிற்றா? சரி.

எந்த உதவியாளர் சிறந்தது என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. இன்று சொன்னால் அடுத்த மாதம் பழசாகிவிடும். சந்தா உங்கள் பணம், உங்கள் விருப்பம். இணையத்தில் இயங்கும் உதவியாளர் என்றால் அது எடுத்துப் படிக்கும் பகுதிகள் உங்கள் கணினியை விட்டு வெளியே போகும், அது பிடிக்காவிட்டால் கணினியிலேயே ஓடும் ஏஐ மாதிரிகள் இருக்கின்றன. அவ்வளவுதான். பத்து வரிச் சுருக்கத்தைப் படிப்பது வாசிப்பா என்றால், இல்லை. இதற்கு மேல் அதில் விவாதிக்க ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அந்த 600 நூல்கள் விஷயத்தை என்னால் விட முடியாது. கடிதத்தைப் படித்தபோது உண்மையாகவே கோபம் வந்தது. உங்கள் மேல் பாதி, இந்தக் கருவிகளைப் பற்றி எல்லோரும் பேசும் விதத்தின் மேல் பாதி. ‘நூலகம் பேசுகிறது’ என்கிறீர்கள். பேசுவது நூலகம் இல்லை எஸ். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நூலுக்கு 60,000 சொல் என்று குறைவாக வைத்துக்கொண்டாலும் 4000 நூலுக்கு 24 கோடி சொல் ஆகிறது. அவ்வளவையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொண்டு பதில் சொல்லும் உதவியாளர் எதுவும் கிடையாது. எம்சிபி என்பது 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட ஒரு பொது இணைப்பு முறை. ஒரு கோப்பையோ தரவுத்தளத்தையோ ஒரு உதவியாளர் எப்படிக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கான ஒழுங்கு அது, அவ்வளவே. எல்லா நூலையும் படித்த அறிவு அதனால் வந்துவிடாது. காலிபர் தன் பட்டியலை மெட்டாடேட்டா டிபி என்ற ஒற்றைக் கோப்பில் வைத்திருக்கிறது. தலைப்பு, ஆசிரியர், குறிச்சொற்கள், இணையத்திலிருந்து இழுத்துவந்த பதிப்பகத்தாரின் அறிமுக வரிகள் எல்லாம் அதில் இருக்கும். ‘தேவையில்லாத நூல்கள் எவை’ என்று நீங்கள் கேட்டபோது அது பார்த்தது அநேகமாக அதைத்தான். அட்டைக்குறிப்பைப் பார்த்து நூலைத் தூக்கிப் போடுகிற மனிதரை நீங்கள் மதிப்பீர்களா? அதே காரியத்தை ஒரு இயந்திரத்தின் பேச்சைக் கேட்டு நீங்கள் செய்திருக்கிறீர்கள், அதுவும் மனம் லேசாகிவிட்டது என்ற மகிழ்ச்சியோடு.

முழு நூல்களையும் திறந்துவிட்டிருந்தால் மட்டும் சரியாகிவிடுமா என்றால் அதுவும் இல்லை. வழக்கமான முறையில் ஒவ்வொரு நூலையும் சில நூறு சொற்கள் கொண்ட துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் எண்களின் வரிசையாக மாற்றி வைப்பார்கள். உங்கள் கேள்வியும் அப்படியே எண்களாகும். எண்களின் கணக்கில் அதற்கு மிக அருகில் இருக்கும் சில துண்டுகள் எடுக்கப்பட்டு உதவியாளர் முன்னால் வைக்கப்படும், அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அது பேசும். இதில் யாரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. ‘மிக அருகில்’ என்று கேட்டால் எப்போதும் ஏதாவது ஒன்று வந்துதான் தீரும். நூலகத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாவிட்டாலும் ஏதோ ஐந்து துண்டுகள் வரும். எதிர்ப்பக்கமும் அப்படியே: இருநூறு நூல்களில் அதைப் பற்றி இருந்தாலும் அதே ஐந்து துண்டுகள்தான் வரும். அதனால் ‘இருக்கிறது’ என்று அது சொன்னால் பக்கத்தைத் திறந்து சரிபார்க்கலாம். ‘இல்லை’ என்று சொன்னால் சரிபார்க்கத் திறப்பதற்குப் பக்கம் எது? இல்லை என்ற சொல்லை மட்டும் அதனிடமிருந்து ஒருபோதும் வாங்கிக்கொள்ளாதீர்கள். நூலகத்தில் இல்லை, நூலில் இல்லை, உள்ளடக்கம் இல்லை, தேவை இல்லை என்று எந்த வடிவில் வந்தாலும் சரி. அது பார்க்கவில்லை என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது.

சொல்லை வைத்துத் தேடுவதும் எளிதில்லை. காலிபரில் 2022இல் வந்த 6.0 பதிப்பிலிருந்து நூல்களின் உள்ளே முழுமையாகத் தேடும் வசதி இருக்கிறது, நல்ல வசதி, நான் அதைத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன். ஆனால் தமிழில் துயரம் என்று தேடினால் துயரத்தை, துயரத்தால் எல்லாம் சிக்காது, ‘துயர*’ என்று வேர் வரை வெட்டி, கடைசியில் நட்சத்திரக்குறி போட்டுத் தேடத் தெரிய வேண்டும்.

இப்போது அப்பாவின் பிடிஎஃப்கள். ‘உள்ளடக்கம் இல்லாதவை’ என்று அது சொன்னதற்குக் காரணம் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கேன் செய்த பக்கம் வெறும் புகைப்படம். நீங்கள் எழுத்தாகப் பார்ப்பது எழுத்தைத் தேடும் நிரலுக்குக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள், உள்ளே ஒரு எழுத்தும் கிடையாது. தட்டச்சு செய்த பழைய தமிழ்க் கோப்புகளின் கதை இதைவிட மோசம். யூனிகோட் என்ற பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை பரவலாகும் முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் செய்தவை கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், அடியில் இருப்பதோ ஆங்கில எழுத்துகளும், மெய்யெழுத்தின் புள்ளிக்குப் பதில் ஒரு அரைப்புள்ளியும். ஒரு வரியை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். யூனிகோடில் இருக்கும் பிடிஎஃப்களிலும் ஒட்டும்போது கொம்பும் கால்களும் இடம் மாறி விழுவதுண்டு. நம்முடைய சேகரங்களில் மிக அரிதானவை பெரும்பாலும் இப்படிப்பட்ட கோப்புகளாகத்தான் இருக்கின்றன. எது அதிகம் கிடைக்காதோ அதுதான் இந்தக் கருவியின் கண்ணில் படாதது. அதன் பேச்சைக் கேட்டு நீக்கிக்கொண்டே போனால் எங்கும் கிடைக்கிற நூல்கள் மட்டும் மிஞ்சும்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு நண்பர் நினைவுக்கு வருகிறார். என்னைவிட மூத்தவர், ஆசிரியராக இருந்தவர், கடைசி ஆண்டுகளில் கண் மங்கியதால் எழுத்தைப் பெரிதாக்கிக் கிண்டிலில் மட்டுமே படித்தவர். அவர் போன பிறகு அவருடைய மகள் அந்தக் கருவியில் இருந்த ‘மை கிளிப்பிங்ஸ்’ என்ற கோப்பை எனக்கு அனுப்பி, இதை என்ன செய்வது மாமா என்று கேட்டிருந்தாள். கிண்டிலில் நாம் கோடிடும் ஒவ்வொரு வரியும் அந்த ஒரே கோப்பில் போய்ச் சேரும். நூலின் பெயர், இடம், நாள், நேரம், கோடிட்ட வரி, அப்புறம் சமக்குறிகளால் ஒரு கோடு. அழகே இல்லாத கோப்பு. கோடிட்டதைப் பிறகு நீட்டித்தால் பழையதும் அதில் அப்படியே கிடக்கும், புதியது கீழே சேரும். அதனால் ஒரு மனிதர் ஒரு பக்கத்தில் எப்படி நின்றார் என்பது தெரிந்துவிடும். ஒரு நாவலில் அவர் முதலில் பாதி வாக்கியத்துக்குக் கோடிட்டிருக்கிறார். சில நிமிடம் கழித்து முழு வாக்கியம். அப்புறம் அந்தப் பத்தி முழுவதும். நேரம் பின்னிரவு. அந்தப் பத்தி, மகனோடு பல வருடம் பேசாமல் இருந்த ஒரு தகப்பனைப் பற்றியது. நண்பருக்கும் அவருடைய மகனுக்கும் இடையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும் என்பதால் அந்த மூன்று பதிவுகளையும் தாண்டி என்னால் அன்று மேலே போக முடியவில்லை.

சில இடங்களில் குறிப்பும் எழுதியிருந்தார், தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி. ஒரு குறிப்பு ‘முன்னாடி வேற மாதிரி சொன்னானே’ என்று இருந்தது. எந்த ‘முன்னாடி’? அந்த ஆசிரியரின் பழைய நூல்கள் என்னிடமும் இருந்தன. அந்தக் கோப்பையும் அந்த நூல்களையும் ஒரு உதவியாளரிடம் கொடுத்து, இவர் எதை நினைத்துக்கொண்டு இப்படி எழுதியிருக்கலாம், அந்த இடங்களைக் காட்டு, சுருக்கம் வேண்டாம், பக்கத்தோடு காட்டு என்று கேட்டேன். கொண்டுவந்தவற்றில் பெரும்பாலானவை பொருந்தவில்லை. ஒன்று பொருந்தியது. அந்த நூலைத் திறந்து அந்த அத்தியாயத்தை முழுவதும் படித்தேன். நண்பர் சொன்னது சரி, ஆசிரியர் தன்னைத்தானே மறுத்திருக்கிறார், அதை நான் இத்தனை வருடம் கவனித்ததில்லை. இந்தக் கருவி இல்லாவிட்டால் அந்த இடத்துக்கு நான் போயிருக்கவே மாட்டேன், அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இணைக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை எஸ். இணையுங்கள். ஆனால் முதலில் உங்கள் கோடுகளையும் குறிப்புகளையும் இணையுங்கள், நீங்கள் படித்த நூல்களிலிருந்து ஆரம்பியுங்கள். கோரீடர் என்ற வாசிப்புச் செயலியில் படிப்பவர் என்றால் உங்கள் கோடுகள் வழக்கமாக நூலுக்குப் பக்கத்தில் எஸ்டிஆர் என்று முடியும் அடைவில் இருக்கும், தேடி எடுங்கள். ‘மரணத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள்’ என்று கேட்காதீர்கள், ‘மரணத்தைப் பற்றி நான் எங்கே கோடிட்டேன், அதே போல வேறு எங்கே வருகிறது’ என்று கேளுங்கள். இடத்தைக் கேளுங்கள், போய்ப் படியுங்கள். நூலகத்தில் எழுதவும் நீக்கவும் அதற்கு அனுமதி தராதீர்கள், படிக்க மட்டும் போதும். குறிச்சொற்களை நீங்களே இடுங்கள். 4000 நூலுக்கு முடியாது என்பீர்கள். முடிகிற அளவுக்கு இடுங்கள், இட்டவை உங்களுடையவையாக இருக்கும்.

அப்பாவின் கோப்புகளுக்கு எழுத்துணரி, அதாவது படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்தெடுக்கும் நிரல், வேண்டும். டெசராக்ட் என்ற எழுத்துணரி தமிழ் படிக்கும், ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற நிரல் அதை வைத்துக்கொண்டு பக்கத்தின் படத்துக்கு அடியில் எழுத்தை ஒரு படலமாகச் சேர்த்துவிடும். பிழைகள் வரும், பழைய அச்சு என்றால் நிறையவே வரும். மூலக் கோப்புகளைத் தனியே ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஆனால் எழுத்துணரி அச்செழுத்தைத்தான் எடுக்கும். அப்பா அந்தப் பிரதிகளில் பென்சிலால் கோடிட்டிருந்தால், ஓரத்தில் ஏதாவது எழுதியிருந்தால், அது அந்தப் படலத்தில் ஒழுங்காக வராது, எந்தத் தேடலிலும் சிக்காது. அதை நீங்கள்தான் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து எழுதி வைக்க வேண்டும். ஒரு நூலை முடித்ததும் எனக்கு எழுதுங்கள், எந்த நூல், எந்தெந்தப் பக்கங்கள் என்று.