பங்க் (வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் இசை) குழுவைப் பற்றிய குறைந்த செலவுப் படத்தில் மேடைக் காட்சிகளை எப்படி எடுப்பது?

கேமரா வாடகையைக் குறைத்து ஒலிக்குச் செலவழியுங்கள். சூசன் சைடல்மன் சுமார் 40,000 டாலரில் 16 எம்எம்மில் எடுத்த 'ஸ்மிதரீன்ஸ்' 1982இல் கான் விழாவின் போட்டிப் பிரிவுக்கே போனது. படம் கரகரப்பாக இருந்தால் பங்க் கதைக்குப் பொருந்தும். ஒலி சொதப்பினால் எதுவும் காப்பாற்றாது. 1976இல் வந்த 'பிளாங்க் ஜெனரேஷன்' ஆவணப்படத்தில் வாயசைப்பும் பாட்டும் ஒட்டாமலே ஓடும். கதைப்படத்தில் அது நடக்காது.

முடிந்தவரை குழுவை நேரடியாக வாசிக்க விட்டே பதிவு செய்யுங்கள். பங்க் டிரம்மர் பாட்டின் நடுவே வேகம் கூட்டுவார், முன்பே பதிந்த பாட்டை ஓட விட்டு அதற்கேற்ப வாசிப்பதுபோல் நடித்தால் அந்த உயிர் போய்விடும்.

பலரும் தவறுவது ஒரே இடத்தில்: கிளப்பின் மிக்சரிலிருந்து (மைக் ஒலிகளைக் கலந்து ஒலிபெருக்கிக்கு அனுப்பும் கருவி) மட்டும் ஒலியை எடுப்பது. சின்ன அரங்கில் கிட்டார் ஆம்ப்பும் (கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) டிரம்ஸும் தாமாகவே காதைப் பிளக்கும் என்பதால் மிக்சருக்குள் பெரும்பாலும் குரல்தான் போகும். பதிவைக் கேட்டால் பாடகர் தனியாகக் கத்துவது போலிருக்கும். ஆகவே மிக்சர் ஒலி ஒரு டிராக். ஆம்ப்பின் வலைக்கு இரண்டு விரல் தள்ளி பெருஞ்சத்தத்தைத் தாங்கும் டைனமிக் மைக் ஒன்று. டிரம்ஸுக்கு மேலே ஒன்று. கூட்டத்தின் இரைச்சலுக்கு அரங்கின் பின்னால் ஒரு ஸ்டீரியோ மைக் ஜோடி. மிக்சர் கேபிளை ரெக்கார்டரில் செருகும்போது உள்ளீடு 'லைன்' நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். 'மைக்' நிலையில் இருந்தால் ஒலி உடையும். மிகப் பெரிய சத்தத்தையும் உடையாமல் பதியும் 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருக்கிறதே என்று அசட்டையாக இருக்காதீர்கள், மைக்கிலேயே சிதைந்த ஒலியை அதனால் மீட்க முடியாது. படத்தையும் ஒலியையும் பிறகு ஒட்ட உதவும் கிளாப்பைப் பாட்டு தொடங்குமுன் அடியுங்கள், பிறகு அது கேட்காது.

கிளப்பில் நடக்கும் உரையாடலுக்கு வழி வேறு. பாட்டைப் பத்து விநாடி முழுச் சத்தத்தில் ஓட விட்டு நிறுத்துங்கள். கூட்டம் அதே தாளத்தில் சத்தமின்றி ஆடட்டும். காலடிச் சத்தத்தைக் குறைக்கக் கம்பளம் விரியுங்கள். நடிகர்கள் மட்டும் தொண்டை நரம்பு புடைக்கக் கத்தியே பேச வேண்டும். சாதாரணக் குரலில் பேசிய வசனத்தின் மேல் பிறகு இசையைச் சேர்த்தால் பொய் அப்பட்டமாகத் தெரியும்.

கூட்டத்துக்கு நாற்பது பேர் போதும். எல்லோரையும் மேடையோடு நெருக்கி, பின்பக்கத்தை இருட்டாக்குங்கள். மோதி ஆடுவதற்கு, கச்சேரிகளில் உண்மையிலேயே அப்படி ஆடிப் பழகியவர்களைக் கூப்பிடுங்கள். கேமராமேனின் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் கட்டாயம். உலோக முள் பட்டைகளுக்குப் பதில் ரப்பர் முள்.

விளக்குகள் படத்தில் மினுக்காமலிருக்க, கேமராவின் ஷட்டர் வேகம் அமெரிக்காவில் 1/60 விநாடி, 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 1/50. மங்கலாக்கிய எல்இடி அப்போதும் மினுக்கலாம், முந்தைய நாளே சோதியுங்கள்.

பாட்டுரிமை இரண்டு வகை: இயற்றியவருடையது, பதிவுக்கு உரியவருடையது. பழைய பாட்டை நீங்களே வாசித்துப் பதிந்தாலும் முதலாவது தேவை. விழாக்களுக்கு மட்டுமான மலிவு உரிமத்தை நம்பினால், படம் விலைபோகும் நேரத்தில் அதே பாட்டுக்குப் பேரம் பேச வேண்டிவரும். உள்ளூர்க் குழு ஒன்றிடம் புதிய பாட்டுகளை எழுதி வாங்கி, எல்லா ஊடகத்துக்கும் காலவரம்பின்றி முதல் நாளே கையெழுத்துப் பெறுங்கள். டி-ஷர்ட் சின்னங்களும் சுவர் நோட்டீஸ்களும் கூட உரிமைச் சிக்கல் தரும்; நோட்டீஸை நீங்களே வரைந்து ஜெராக்ஸ் எடுத்து ஒட்டிவிடலாம்.