ஜெட்ஸ் கரையேறுமா?

கேள்வி: நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். நியூயார்க் ஜெட்ஸ் அணியின் ரசிகன். வருடா வருடம் "அணியைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம், பொறுங்கள்" என்கிறார்கள். அமெரிக்க ஃபுட்பாலில் அடிமட்டத்தில் கிடக்கும் அணி நிஜமாகவே சாம்பியன் ஆக முடியுமா? இல்லை, சீசன் டிக்கெட் விற்பதற்காகச் சொல்லும் கதையா?

பதில்: முடியும். ஜெட்ஸால் முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

தோற்றவனை என்.எஃப்.எல். (அமெரிக்க ஃபுட்பாலின் தேசிய லீக்) அளவுக்குத் தாங்கிப் பிடிக்கும் லீக் அபூர்வம். இங்கிலாந்து கால்பந்தில் கடைசி மூன்று இடங்களில் முடித்தால் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். இங்கே கடைசியாக வந்த அணிக்கு அடுத்த டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வில்) முதல் வாய்ப்பு. கல்லூரிகளிலிருந்து வரும் இளைஞர்களில் யாரை வேண்டுமானாலும் அது முதலில் எடுத்துக்கொள்ளலாம். தேசிய தொலைக்காட்சி ஒப்பந்தப் பணம் 32 அணிகளுக்கும் சமபங்கு. 1994 முதல் சம்பளத்துக்கு உச்சவரம்பும் உண்டு, ஆகவே பணக்கார முதலாளி எல்லா நட்சத்திரங்களையும் வாரிக்கொண்டு போக முடியாது. இத்தனை சலுகை இருந்தும் ஓர் அணி பதினைந்து வருடம் எழுந்திருக்கவில்லை என்றால், குற்றவாளியை மைதானத்தில் தேடாதீர்கள், முதலாளியின் அறைக்குப் போங்கள்.

சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸை எடுத்துக்கொள்வோம். 1978இல் 16 ஆட்டங்களில் இரண்டே வெற்றி. அந்த வருடம்தான் பஃபலோ அணியிடமிருந்து ஓ.ஜே. சிம்ப்சனை வாங்கியிருந்தார்கள் (பின்னாளில் கொலை வழக்கில் உலகமே பார்த்த, விடுதலையான அதே சிம்ப்சன்). வயது 31, முழங்கால் போய்விட்டது. அவருக்கு விலையாகப் பல டிராஃப்ட் வாய்ப்புகளைக் கொடுத்திருந்தார்கள். சீசன் முடிந்து பார்த்தால், லீக்கிலேயே மோசமான அணி என்பதற்காகக் கிடைத்திருக்க வேண்டிய முதல் வாய்ப்பும் பஃபலோவிடம் போயிருந்தது. அவமானம் இவர்களுக்கு, ஆதாயம் அவர்களுக்கு.

1979இல் பில் வால்ஷ் பயிற்சியாளராக வந்தார். முதல் வருடம் மறுபடியும் இரண்டே வெற்றி. அடுத்த வருடம் முதல் மூன்று ஆட்டங்களை வென்று ஆசை காட்டிவிட்டு, தொடர்ந்து எட்டு ஆட்டங்களில் தோற்றார்கள். இன்றைய முதலாளிகளில் பாதிப்பேர் அப்போதே அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். எடி டிபார்டலோ அனுப்பவில்லை.

வால்ஷ் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் விஷயம். கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் ஃபுல்லர் என்ற குவாட்டர்பேக்கின் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவரின்) கையைச் சோதிக்கப் போனார். பந்தை எறிந்தால் பிடிக்க ஒருவர் வேண்டுமே, ஃபுல்லரின் அறைத்தோழன் டுவைட் கிளார்க் வந்து நின்றார். வால்ஷின் கண் பந்து பிடித்தவர் மேல் விழுந்தது. 1979 டிராஃப்டில் பத்தாவது சுற்றில் கிளார்க்கை எடுத்தார். அதே டிராஃப்டில் மூன்றாவது சுற்றில், 82ஆவது ஆளாக எடுத்தவர் ஜோ மொன்டானா. 1982 ஜனவரி 10, டாலஸுக்கு எதிரான ஆட்டத்தில் 51 விநாடிகள் மிச்சமிருக்கும்போது மொன்டானா எறிந்த பந்தை எகிறிப் பிடித்தவர் கிளார்க். ஸ்கோர் 28-27. இரண்டு வாரம் கழித்து சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியும் அவர்களுக்கே.

1998இல் நான்கே வெற்றி கண்ட செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அடுத்த சீசனிலேயே சாம்பியன் ஆனது. 2000இல் ஐந்து வெற்றி கண்ட நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸும் அப்படியே. ஆனால் இரண்டு இடத்திலும் முதல் குவாட்டர்பேக் காயம்பட்டதால் மாற்று ஆள் களமிறங்கினார். ஒருவர் கர்ட் வார்னர், இன்னொருவர் டாம் பிரேடி. அதையெல்லாம் திட்டமிட்டுச் செய்தோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, உங்கள் ஜெட்ஸ். (பெயரில் நியூயார்க், ஆடுவது உங்கள் நியூ ஜெர்சியில்.) கடைசியாகக் கோப்பை வென்றது 1969 ஜனவரியில். 2010 சீசனுக்குப் பிறகு பிளேஆஃப் (சீசன் முடிவில் வரும் நாக்அவுட் சுற்று) பக்கமே தலைவைக்கவில்லை. இத்தனை வருடத்தில் செய்தது என்ன? 2008இல் கிரீன் பே அணியிலிருந்து 38 வயது பிரெட் ஃபார்வை அழைத்துவந்தார்கள். 2023இல் அதே கிரீன் பேயிலிருந்து 39 வயது ஆரன் ராட்ஜர்ஸ். முதல் ஆட்டத்தின் நான்காவது ஸ்னாப்பிலேயே (பந்து நான்காவது முறை ஆட்டத்துக்கு வந்ததுமே) அவருடைய குதிகால் தசைநார் அறுந்து, அந்த சீசன் முடிந்தது. அடுத்த வருடம் ஐந்தே ஆட்டங்கள் ஆனதும் பயிற்சியாளர் ராபர்ட் சாலேயைத் தூக்கினார்கள். பழைய கள், புது மொந்தை. இதற்குப் பெயர் கட்டுவது அல்ல, சிம்ப்சன் வியாபாரத்தையே திரும்பத் திரும்பச் செய்வது.

இன்னும் எரிச்சல் தருவது, இவர்களே டிராஃப்டில் எடுத்து, பிறகு கைவிட்ட இளைஞர்களின் கதை. ஜீனோ ஸ்மித் 2022இல் சியாட்டிலில் மீண்டெழுந்து விருது வாங்கினார். சாம் டார்னால்ட் 2024இல் மினசோட்டாவை 14 வெற்றிக்கு அழைத்துப்போனார். ஆள் தேர்வில் அவ்வளவு தவறில்லை, வளர்க்கத்தான் தெரியவில்லை.

டெட்ராய்ட் லயன்ஸைப் பாருங்கள். டான் கேம்ப்பெல் பயிற்சியாளராக வந்த 2021இல் முதல் பதினொரு ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட இல்லை. அடுத்த வருடத் தொடக்கத்தில் ஆறு ஆட்டங்களில் ஒன்றே ஒன்று. அப்போது முதலாளி ஷீலா ஃபோர்ட் ஹாம்ப் நிருபர்கள் முன்னால் வந்து, பயிற்சியாளர் மேல் நம்பிக்கை இருக்கிறது என்றார். 2024இல் 15 வெற்றி, இரண்டே தோல்வி. அப்படியும் சாம்பியன் ஆகவில்லை. சொந்த மைதானத்திலேயே வாஷிங்டனிடம் 31-45 என்று தோற்று வெளியேறினார்கள். அந்த வாஷிங்டன் முந்தின வருடம் நான்கே ஆட்டம் வென்ற அணி! நன்றாகக் கட்டினால் கோப்பை நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். கோப்பைக்கு அருகில் போய் நிற்கலாம், அதற்கு மேல் அன்றைய ஆட்டம்.

சீசன் டிக்கெட் வாங்குவது உங்கள் இஷ்டம். அதற்கு முன் ஏப்ரலில் டிராஃப்டின் மூன்றாவது நாளைப் பாருங்கள், நான்காவது சுற்று தொடங்கும் நாள். புதுப் பயிற்சியாளரின் அறிமுகக் கூட்டத்தைவிட அது அதிகம் சொல்லும். லயன்ஸின் அமோன்-ரா செயின்ட் பிரவுன் 2021இல் நான்காவது சுற்றில், 112ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார். தனக்கு முன்னால் எடுக்கப்பட்ட 16 ரிசீவர்களின் (எறிந்த பந்தைப் பிடிப்பவர்களின்) பெயரையும் அவர் மனப்பாடமாக ஒப்பிப்பார். அந்தப் பட்டியலில் ஜெட்ஸ் இரண்டாவது சுற்றில் எடுத்த எலைஜா மூரும் உண்டு. இரண்டு சீசன் ஆனதும் அவரைக் கிளீவ்லேண்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.