காய்ச்சல் லேசா இருக்கு, ஸ்கூலுக்கு அனுப்பலாமா? ஸ்கூல் நர்ஸ் கிட்ட கேளுங்க

எல்லாருக்கும் வணக்கம். கடலூர்ல ஒரு பிரைவேட் ஸ்கூல்ல 13 வருஷமா சிக் ரூம் பாத்துக்கறேன், வீடு அரியாங்குப்பம், தினம் பஸ்லதான் போய் வர்றது. மழை ஆரம்பிச்சதிலேர்ந்து என் ரூம்ல இருக்கற ரெண்டு கட்டிலும் காலியாவே இல்ல, அதான் பெத்தவங்க கேக்கறதுக்கெல்லாம் ஒரே எடத்துல பதில் சொல்லலாம்னு உக்காந்தேன். நான் டாக்டர் இல்ல, நர்ஸ். டாக்டர் கிட்ட போக வேண்டியதுன்னா போங்கன்னு நேரா சொல்லிடுவேன்.

முதலியார்பேட்டை அம்மா: சிஸ்டர், ரெண்டாவது படிக்கிற பொண்ணு. காலைல 99.5 இருந்துச்சு, ஆனா நல்லா விளையாடறா. அனுப்பிட்டேன், தப்பா?

தப்பு இல்ல மா. 100.4 தொட்டாதான் காய்ச்சல்னு கணக்கு. ஆனா நம்பர மட்டும் பாக்காதீங்க, காலைல இட்லில பாதியாவது உள்ள போச்சா, எழுந்ததும் ஒண்ணுக்கு போனாளா, கூப்ட்டா திரும்பி பாக்கறாளா, இதயும் பாருங்க. 99 இருந்து சுருண்டு படுத்துக்கற குழந்தைய அனுப்பாதீங்க. நேத்து ராத்திரி காய்ச்சல் இருந்து இன்னிக்கு காலைல இல்லன்னாலும் இன்னிக்கு வேணாம், மருந்து குடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாம இருக்கணும். சாயங்காலம் இன்னொரு தடவ பாத்துட்டு இங்கயே சொல்லுங்க.

கடலூர் ஓ.டி. அப்பா: நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு போறவங்க மேடம், லீவு போட்டா அன்னிக்கு சம்பளம் கட். பாரசிட்டமால் குடுத்து அனுப்பினா மத்தியானம் வரைக்கும் தாங்குது. வேற என்ன பண்றது?

உங்க கஷ்டம் எனக்கு தெரியும் அண்ணே, உங்கள குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. போன வருஷம் மூணாவது படிக்கிற ஒரு பையன் 11 மணிக்கு டீச்சர் கைய புடிச்சுக்கிட்டு வந்தான், கண்ணு ரெண்டும் செவந்து, உதடு காஞ்சு, வச்சு பாத்தா 102. காலைல மருந்து ஏதாச்சும் குடுத்தாங்களா கண்ணான்னு கேட்டா தரையவே பாத்துக்கிட்டு நிக்கறான், ரொம்ப நேரம் கழிச்சு "அம்மா சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க"ன்னான். எத்தன மணிக்கு, எவ்ளோ, எதுவும் தெரியல. பாரசிட்டமாலுக்கு நாலு மணி நேரமாவது இடைவெளி வேணும், காலைல 8 மணிக்கு குடுத்திருந்தா நான் 11 மணிக்கு மறுபடி குடுக்க முடியாது, கைல மருந்து வச்சுக்கிட்டே குடுக்க முடியாம உக்காந்திருந்தேன். அவங்க அம்மா ஜவுளிக்கடைல வேலை, ஃபோன லாக்கர்ல வச்சுட்டுதான் உள்ள போகணும், நாலு தடவ அடிச்சேன், எடுக்கல. ரெண்டரை மணிக்கு பாட்டி டவுன் பஸ் புடிச்சு வந்தாங்க. அது வரைக்கும் அந்த புள்ள என் கோட்டு பாக்கெட்ட புடிச்சுக்கிட்டே தூங்கிச்சு, தயிர் சாதம் டப்பாவ தொறக்கவே இல்ல.

அதனால, அனுப்பாம இருக்க முடிஞ்சா அனுப்பாதீங்க. முடியாமதான் அனுப்பறீங்கன்னா மறைக்காதீங்க. டைரில "7.30க்கு பாரசிட்டமால் 5 மில்லி"ன்னு ஒரு வரி எழுதுங்க, எடுக்கற நம்பரா ஒண்ணு குடுங்க, பக்கத்து வீட்டு அக்கா நம்பரா இருந்தாலும் சரி. மருந்து குடுத்தா சூடுதான் எறங்கும், பக்கத்து பெஞ்சு புள்ளைக்கு ஒட்டறது நிக்காது. 2023 மார்ச்ல ஃப்ளூ பரவி புதுச்சேரில எட்டாவது வரைக்கும் 16ஆம் தேதிலேர்ந்து 26 வரைக்கும் லீவே விட்டாங்க, ஞாபகம் இருக்கும்.

லாஸ்பேட்டை அம்மா: ஒரு வாரமா மூக்கு ஒழுகுது, பச்சையா வருது. ஆன்டிபயாடிக் குடுக்கணுமா? இருமல் சிரப்?

பச்சையா வந்தா உடனே ஆன்டிபயாடிக்னு இல்ல மா, சாதா சளியே பத்து நாள் வரைக்கும் இழுக்கும். காய்ச்சல் இல்ல, சாப்பிடறான்னா கர்சீஃப் குடுத்து அனுப்புங்க. மூச்சு வாங்குனா, விலா உள்ள இழுத்தா அன்னிக்கே டாக்டர். இருமல் சிரப்ப மெடிக்கல்ல நீங்களா கேட்டு வாங்காதீங்க. 2025 செப்டம்பர், அக்டோபர்ல மத்தியப் பிரதேசத்துல விஷம் கலந்த சிரப் குடிச்சு குழந்தைங்க செத்தத நெனச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது. ஒரு வயசு தாண்டின குழந்தைக்கு ராத்திரி ஒரு ஸ்பூன் தேன் குடுங்க.

பாகூர்லேர்ந்து ஒரு அக்கா: பையனுக்கு அம்மை போட்டிருக்கு. மூணாவது தண்ணி ஊத்தினதும் அனுப்பலாம்னு மாமியார் சொல்றாங்க.

மாமியார் சொல்றது பெரும்பாலும் சரியாதான் வரும் அக்கா. எல்லா கொப்புளமும் காஞ்சு பொருக்கு தட்டிடணும், அதுக்கு அஞ்சாறு நாள் ஆகும், மூணு தண்ணி முடியறதுக்குள்ள காஞ்சிடும். ஊத்தினத மட்டும் கணக்கு வைக்காம, முதுகு, தலைமுடிக்குள்ள எல்லாம் வெளிச்சத்துல பாருங்க, ஒரு நீர்க்கொப்புளம் மிச்சம் இருந்தாலும் இன்னும் ரெண்டு நாள் வீட்ல இருக்கட்டும். வேப்பிலை வைங்க, வேணாங்கல, டாக்டரயும் பாருங்க. ஆஸ்பிரின் மட்டும் குடுக்கவே கூடாது. வெளிய சொல்லக்கூடாதுன்னு இருந்துடாம ஸ்கூலுக்கு சொல்லிடுங்க. எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சர் மாசமா இருந்தாங்க, அவங்க கிளாஸ்ல ஒரு புள்ளைக்கு அம்மைன்னு பத்து நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது, அவங்க பட்ட பயத்த நான் கூடவே இருந்து பாத்தேன்.

நெல்லிக்குப்பம் தம்பி: மெட்ராஸ் ஐ எத்தன நாள்? பேன் இருந்தா?

கண்ணுல பூளை, தண்ணி வடியறது நிக்கற வரைக்கும் வீட்ல, டவல் தனி. பேனுக்கு லீவே வேணாம், சாயங்காலம் சீப்பு போட்டு எடுங்க.

வில்லியனூர் அப்பா: நாலு நாள் காய்ச்சல், நேத்து ராத்திரி விட்டுடுச்சு. ஆனா சோர்வா இருக்கான், வயித்த வலிக்குதுங்கறான். திங்கக்கிழமை அனுப்பலாமா?

அண்ணே, ஸ்கூல விடுங்க, இன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க. டெங்குல காய்ச்சல் எறங்கற நேரம்தான் ஆபத்து, சரியாயிடுச்சுன்னு நாம நிம்மதியாகற அந்த நேரத்துலதான் ரத்தக்குழாய்லேர்ந்து நீர் கசிஞ்சு புள்ள சுருண்டுடும். வயித்து வலி, விடாம வாந்தி, ஈறுல ரத்தம், கை கால் ஜில்லுன்னு ஆகறது, ஒண்ணுக்கு கொறயறது, இதுல ஒண்ணு இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. எல்லைப்பிள்ளைச்சாவடி குழந்தைங்க ஆஸ்பத்திரி உங்களுக்கு பக்கம், இல்லன்னா ஜிப்மர். வண்டி இல்லன்னா 108. ப்ரூஃபென், மெஃப்டால் ரெண்டும் குடுக்காதீங்க. போயிட்டு வந்து ஒரு வார்த்த எழுதுங்க.

மஞ்சக்குப்பம் அம்மா: அஞ்சாவது படிக்கிற பொண்ணு, வாரத்துல ரெண்டு நாள் மத்தியானம் வயித்து வலின்னு உங்கள மாதிரி நர்ஸ் ஃபோன் பண்றாங்க. வீட்டுக்கு வந்ததும் சரியாயிடுது. நடிக்கறாளா?

நடிக்கறான்னு நெனைக்காதீங்க மா. இந்த கேள்விக்காகவே காத்திருந்தேன். என் கிட்ட இதே மாதிரி வந்த பொண்ணுங்கள முதல்ல நானும் கணக்கு பீரியட் பயம்னு நெனச்சேன். அப்புறம் ஒருத்தி கிட்ட கடைசியா எப்ப பாத்ரூம் போனன்னு கேட்டேன், "காலைல வீட்ல"ன்னா. மணி ரெண்டு. வாட்டர் பாட்டில தூக்கி பாத்தா கழுத்து வரைக்கும் தண்ணி. ஸ்கூல் டாய்லெட் நாத்தம், தாப்பா இல்ல, அதனால தண்ணியே குடிக்கறதில்ல. அடக்கி அடக்கி வச்சுதான் அந்த வலி, யூரின் இன்ஃபெக்ஷன், மலச்சிக்கல் எல்லாம். நான் போய் கேட்டு கேட்டு ஒரு தாப்பா போட வச்சேன், அதுக்கு மூணு மாசம் ஆச்சு. இன்னிக்கு அவ பேக்ல இருக்கற பாட்டில தூக்கி பாருங்க. ஒண்ணுக்கு போறப்ப எரியுதான்னு கேளுங்க, எரிஞ்சா யூரின் டெஸ்ட். அதெல்லாம் இல்லன்னா அப்புறம் யாராச்சும் கிண்டல் பண்றாங்களான்னு மெதுவா, சாப்பாடு ஊட்டறப்ப கேளுங்க.

தவளக்குப்பம் அம்மா: ஒரு நாள் கூட லீவு எடுக்கலன்னா சர்டிபிகேட் குடுப்பாங்கன்னு காய்ச்சலோட போறேன்னு அழறான்.

அந்த சர்டிபிகேட்ட நிறுத்தணும்னு நான் ஒவ்வொரு வருஷமும் மீட்டிங்ல சொல்றேன். நீங்களும் பேரன்ட்ஸ் மீட்டிங்ல எழுந்து சொல்லுங்க மா, பெத்தவங்க சொன்னாதான் கேப்பாங்க.

முதலியார்பேட்டை அம்மா: சிஸ்டர், காலைல கேட்டவதான். இப்ப 101 ஆயிடுச்சு, உடம்பு வலிக்குதுன்னு அழறா. எவ்ளோ மருந்து குடுக்கறது?

பயப்படாதீங்க மா. வெயிட் எவ்ளோ? பாட்டில்ல 5 மில்லில எவ்ளோ மில்லிகிராம்னு போட்டிருக்கு, 125ஆ 250ஆ, பாத்து சொல்லுங்க.

முதலியார்பேட்டை அம்மா: 20 கிலோ. 250.

அப்ப 5 மில்லி, மூடில இருக்கற கோடு வச்சு ஊத்துங்க, சமையல் ஸ்பூன் வேணாம். கிலோவுக்கு 10லேர்ந்து 15 மில்லிகிராம், அதான் கணக்கு. 125 பாட்டில்னா இதே அளவுக்கு 10 மில்லி ஆகும், பாட்டில மாத்தி குடுத்துதான் நெறய பேர் தப்பு பண்றாங்க. நாளைக்கு ஸ்கூல் வேணாம். கஞ்சி, ரசம் சாதம், எது கேக்கறாளோ குடுங்க, தண்ணி அடிக்கடி. மூணாவது நாளும் விடலன்னா ரத்தம் எடுத்து பாத்துடுங்க. இப்ப மணி 6.40, காலண்டர்ல எழுதி வைங்க.