ஐம்பது புள்ளி முன்னிலையில் நிற்கும்போது

சிறுவர் விளையாட்டுப் போட்டிகள் பற்றி கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பயிற்சியாளர்களும் நடுவர்களும் பதில் தருகிறார்கள்.

எங்கள் பள்ளியின் சப்-ஜூனியர் கபடி அணி போன மாதம் 61-8 என்று ஜெயித்தது. எதிரணிப் பிள்ளைகளில் இரண்டு பேர் அழுதுகொண்டே பஸ் ஏறினார்கள். பாதியில் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டுமா? எப்படிக் குறைப்பது?
— உடற்கல்வி ஆசிரியர், நெல்லிக்குப்பம்

குறைத்திருக்கலாம் ஐயா. ஆளை மாற்றுங்கள், ஆளுக்குக் கொடுத்த வேலையை மாற்றுங்கள். ஆட்டத்தை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கபடியில் ஸ்கோர் ஏன் இப்படி எகிறுகிறது? ஏழு பேர் வெளியேறினால் 7 புள்ளி, ஆல் அவுட்டுக்கு மேற்கொண்டு 2. புது அணியில் மூன்று பேர் வெளியே போனதும், மிச்சமுள்ள நால்வருக்குக் கைகோத்துச் சங்கிலியாக நின்று பிடிக்கத் தெரியாது. பின்கோடு வரை ஒதுங்கி நிற்பார்கள். அடுத்த இரண்டு மூன்று ரைடில் மொத்தமும் காலி. மறுபடி ஏழு பேர் உள்ளே வருவார்கள், மறுபடி அதேதான். ஐந்து ஆல் அவுட் என்றால் 45 புள்ளி. 15 நிமிடப் பாதி இரண்டில் இது தாராளமாக நடந்துவிடும்.

இடைவேளையில் 20 புள்ளி முன்னால் இருந்தால், முதல் ரைடரையும் இரண்டு ஓரத்திலும் நின்று பிடிக்கும் கார்னர்களையும் உட்கார வையுங்கள். மாற்று ஆட்டக்காரர்கள் ஐந்து பேருக்கும் இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. இடப்பக்கமே போய்ப் பழகியவனை வலப்பக்கம் அனுப்புங்கள். கையால் தொட்டே புள்ளி எடுப்பவனிடம், இன்று கால் விரலால் மட்டும் தொடு என்று சொல்லுங்கள். பிடிப்பவர்களுக்கு, தனியாகப் போய்க் கணுக்காலைப் பிடிக்கக் கூடாது, இரண்டு பேர் கைகோத்துத்தான் பிடிக்க வேண்டும் என்று விதி வையுங்கள். ஸ்கோர் தானாகவே மெதுவாகும். உங்கள் பிள்ளைகளும் அன்றைக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டு போவார்கள்.

இதில் பலர் செய்யும் தவறு, யாரையும் தொடாமல் வெறும் ரைடு போகச் சொல்வது. பையன் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே இடுப்பில் கை வைத்து 30 வினாடி நிற்கிறான்; எதிரே நிற்பவனுக்கு அது அடி வாங்குவதைவிட வலிக்கும். விதிப்படியும் அது ஓடாது. நடுக்கோட்டுக்கும் பின்கோட்டுக்கும் இடையே உள்ள 'பாக்' கோட்டைத் தாண்டாமல் திரும்பினால் ரைடரே அவுட். தொடர்ந்து இரண்டு ரைடு வெறுமையாகப் போனால், மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, தொடை தட்டுவது. ஆட்டம் சமமாக இருக்கும்போது அது உற்சாகம். 40 புள்ளி முன்னால் நின்று தட்டினால் எதிராளிக்கு அவமானம். அதை நிறுத்தச் சொல்லுங்கள். சொல்வதை டைம் அவுட்டில் வட்டமாக நிறுத்தி, தணிந்த குரலில் சொல்லுங்கள். "விடுடா, பாவம்" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து கத்துவது எல்லாவற்றையும்விட மோசம். அந்தப் பாவம் என்ற சொல் அந்தப் பக்கமும் கேட்கும்.

கோடை விடுமுறையில் 12 வயதுக்குட்பட்டோருக்கு 20 ஓவர் போட்டி நடத்துகிறோம். ரன் ரேட்டுக்காகப் பெரிய அணிகள் சின்ன அணிகளை வெளுத்து வாங்குகின்றன. தடுக்க வழி உண்டா?
— போட்டி அமைப்பாளர், வில்லியனூர்

உண்டு. பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள்; அடிக்கச் சொல்வது உங்கள் விதி. ஓர் அணி 20 ஓவரில் 200 எடுக்கிறது, எதிரணி 8 ஓவரில் 40க்கு ஆல் அவுட் ஆகிறது என்று வையுங்கள். ஆல் அவுட் ஆனால் முழு 20 ஓவரையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஓவருக்கு எடுத்த 10 ரன் கழித்தல் விட்டுக்கொடுத்த 2, அதாவது ஒரே ஆட்டத்தில் 8 வித்தியாசம். (40ஐ 8ஆல் வகுத்து 5 என்று எழுதும் ஸ்கோரர்கள் நிறைய. அது தவறு.) மூன்றே ஆட்டம் ஆடும் குழுவில் அந்த 8 தான் அரையிறுதியைத் தீர்மானிக்கும். அது தெரிந்த எந்தக் கேப்டன் நிறுத்துவான்?

அதனால் புள்ளிகள் சமமானால், இருவரும் மோதிய ஆட்டத்தில் யார் ஜெயித்தார் என்பதை முதலில் பாருங்கள். ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையிலும் அந்த வரிசைதான். அதற்கும் பிறகு ரன் ரேட் தேவைப்பட்டால், ஓர் ஆட்டத்துக்கு 3க்கு மேல் கணக்கில் வராது என்று உச்சவரம்பு வையுங்கள். ஒருவன் 30 ரன் எடுத்ததும் ஓய்வு. ஒருவருக்கு 2 ஓவர்தான் பந்துவீச்சு. அப்படியானால் கீப்பர் தவிரப் பத்துப் பேரும் வீசியாக வேண்டும். 8 ஓவரில் சுருண்ட அணிக்கு மிச்சமுள்ள 12 ஓவரை ஸ்கோர் புத்தகத்தில் ஏற்றாமல் ஆடக் கொடுங்கள். மைதானத்தையும் நடுவரையும் எப்படியும் அந்த நேரத்துக்குப் பிடித்துவைத்திருக்கிறீர்கள்.

விக்கெட் மிச்சமிருக்கும்போதே இன்னிங்ஸை முடித்து டிக்ளேர் செய்யலாமே என்று கேட்பார்கள். டி20யில் அதற்கு இடமில்லை. 2025 மே மாதம் பாங்காக்கில் கத்தாருக்கு எதிராக அமீரகப் பெண்கள் அணி 16 ஓவரில் 192 எடுத்தது. மழை வரும்போலிருந்ததால், பத்து விக்கெட்டும் 'ரிட்டயர்டு அவுட்' என்று ஒவ்வொருவராக வெளியேறித்தான் இன்னிங்ஸை முடிக்க முடிந்தது. விதியில் வழி வைக்காவிட்டால் இப்படித்தான் சுற்ற வேண்டியிருக்கும்.

2016 ஜனவரியில் மும்பைக்கு அருகே கல்யாணில் நடந்த பள்ளி ஆட்டத்தை எல்லோரும் 1009 ரன் அடித்த மாணவனை வைத்தே நினைவில் வைத்திருக்கிறோம். அவன் அணி 3 விக்கெட்டுக்கு 1465. எதிரணி 31, 52. அந்தப் பதினோரு பிள்ளைகள் அந்த வெயிலில் எத்தனை பந்து பொறுக்கியிருப்பார்கள் என்பதையும் அமைப்பாளர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

எதிரணிக்கு நாமே ஒரு கோல் போட்டுக் கொடுத்தால் பெருந்தன்மை இல்லையா?
— பத்தாம் வகுப்பு மாணவர், கடலூர் முதுநகர்

இல்லை தம்பி. பிச்சை போட்டது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். வேண்டுமென்றே தோற்க ஆடுவது விளையாட்டுக் குற்றமும்கூட. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் அப்படி ஆடிய நான்கு பாட்மின்டன் பெண்கள் இரட்டையர் ஜோடிகளை வெளியேற்றினார்கள். ஐந்து பாஸ் போட்ட பிறகே ஷாட், அதுவும் பழகாத காலால் என்று உங்களுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். முழு மூச்சாக ஆடலாம், கோல் மட்டும் குறையும்.

மற்ற விளையாட்டுகளில் இதற்கு உச்சவரம்பு உண்டா?
— வாசகர், குருசுக்குப்பம்

பலவற்றில் ஆட்டமே பார்த்துக்கொள்கிறது. ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் 10 புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டம் முடிந்தது. வாலிபாலில் இரண்டு புள்ளி முன்னிலையோடு 25ஐத் தொட்டால் அந்த செட் முடிந்தது. அமெரிக்காவின் லிட்டில் லீக் சிறுவர் பேஸ்பாலில் நான்கு இன்னிங்ஸுக்குப் பிறகு 10 ரன் முன்னிலை இருந்தால் போதும். இரும்புக் குண்டு வீசி நம் புதுச்சேரியில் ஆடும் பெத்தாங்க் 13இல் நின்றுவிடும். 13-0 என்று தோற்பதற்குப் பிரான்ஸில் 'ஃபானி' என்று தனிப் பெயரே உண்டு. கடிகாரத்தை வைத்து ஆடும் கால்பந்து, கபடி, ஹாக்கியில்தான் ஸ்கோருக்குக் கூரை கிடையாது. 2001இல் ஆஸ்திரேலியா அமெரிக்கன் சமோவாவைக் கால்பந்தில் 31-0 என்று ஜெயித்தது அப்படித்தான்.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் கோல்கீப்பர். 14-0 என்று தோற்றதிலிருந்து பயிற்சிக்குப் போக மாட்டேன் என்கிறாள். என்ன சொல்லித் தேற்றுவது?
— ஒரு தாய், முத்தியால்பேட்டை

முதலில் அந்தக் கோலின் அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் அம்மா. பெரியவர்கள் ஆடும் கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். பதின்மூன்று வயதுப் பெண் எம்பிக் குதித்தாலும் குறுக்குக் கம்பத்தைத் தொடுவது அரிது. தலைக்கு மேல் தூக்கி அடித்தாலே கோல். இங்கிலாந்தில் சிறுவர்களின் ஒன்பது பேர் ஆட்டத்துக்கு 4.88க்கு 2.13 மீட்டர் கோல்தான். பரப்பில் அது பெரிய கோலில் பத்தில் ஆறு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. பெரிய கோலில் ஆட வைத்திருந்தால், அந்த 14இல் பல அவள் கைக்கே எட்டாதவையாக இருந்திருக்கும். அதை அவளுக்குக் கணக்குப் போட்டே காட்டுங்கள். "பரவாயில்லை" என்பதைவிட அது உதவும். பயிற்சியாளரிடம் சின்ன கோல் கேளுங்கள். இரும்புக் கம்பம் வேண்டாம், இரண்டு கொடிக்கம்பும் ஒரு கயிறும் போதும்.

தோற்ற அன்று வண்டியில் வரும்போதே ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டாம். தண்ணீர், சாப்பாடு, தூக்கம். மறுநாள், எத்தனை பந்தைத் தடுத்தாய் என்று மட்டும் கேளுங்கள். 14 கோல் வாங்கிய கீப்பர் சில பந்துகளையாவது தடுத்திருப்பாள். அந்த எண்ணை யாரும் எழுதி வைப்பதில்லை. அடுத்த ஆட்டத்திலிருந்து ஒரு சின்ன நோட்டில் நீங்கள் எழுதுங்கள்: எந்தப் பக்கம் வந்தது, தரையிலா உயரத்திலா, பிடித்தாளா தட்டினாளா. மூன்று ஆட்டம் சேர்ந்ததும் அதைப் பயிற்சியாளரிடம் கொடுங்கள். எந்தப் பக்கம் பாய்ந்து பழக வேண்டும் என்பதை அவர் அதிலிருந்தே சொல்லிவிடுவார்.