சுற்றறிக்கையைப் படமாகப் போடாதீர்கள்

கேள்வி: எங்கள் பள்ளியின் இணையதளத்தை நான்தான் கவனித்துக்கொள்கிறேன். ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அப்பா பார்வையற்றவர். “நீங்க போடுற சர்க்குலர் எதையும் என் போன் படிக்க மாட்டேங்குது டீச்சர்” என்று வருத்தப்பட்டார். தளத்தை அமைத்துக் கொடுத்தவர், சக்கர நாற்காலிப் படம் போட்ட பட்டன் ஒன்றைச் சேர்த்தால் சரியாகிவிடும், ஆண்டுதோறும் கட்டணம் உண்டு என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் டீச்சர். அந்தப் பட்டன் பெரும்பாலும் எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும். பார்வையற்ற அந்த அப்பாவுக்கு அதனால் என்ன பயன்? திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் டாக்பேக், ஆண்ட்ராய்டு போன்களிலேயே இருக்கிறது. அது வாசிக்க உங்கள் பக்கத்தில் எழுத்து இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடலாம். ஒரு சுற்றறிக்கையைத் திறந்து, ஒரு வரியை மவுஸால் தேர்ந்தெடுத்து, நோட்பேடில் ஒட்டுங்கள். வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் படம். தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட தாளை ஸ்கேன் செய்து ஏற்றியிருப்பீர்கள். பிடிஎஃப் என்று பெயர் இருந்தாலும் அது படம்தான்.

ஒட்டியதும் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டினால், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறீர்கள். நம் பள்ளிகளில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். கண்ணுக்கு ‘அம்மா’ என்று அழகாகத் தெரியும். கணினிக்கு அது ‘எம், கே, செமிகோலன், கே, எச்’. அந்த அப்பாவின் காதில் விழுவதும் அந்தக் குழறல்தான். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் எழுதியிருந்தால் நோட்பேடிலும் தமிழாகவே வரும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. பழைய கோப்புகளை மாற்ற இலவச மாற்றிகள் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள், தேதிகளையும் கட்டணத் தொகையையும் குறிப்பாக.

ஆக, கையெழுத்துள்ள தாள் கோப்புக்கு இருக்கட்டும். தளத்தில் அதே செய்தியைப் பக்கத்திலேயே தட்டச்சு செய்து போடுங்கள். பட்டன் விற்பவரிடம், பக்கத்தின் மொழிக் குறியைத் தமிழ் என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். ஆங்கிலம் என்று இருந்தால், வாசிப்பு மென்பொருள் ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்க முயன்று தடுமாறும்.

அப்புறம் கட்டணம் செலுத்தும் படிவம். மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப் விசையை மட்டும் தட்டிக்கொண்டே போங்கள். எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று தெரிகிறதா? கடைசிப் பட்டன் வரை போக முடிகிறதா? கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாத தாத்தா பாட்டிகளுக்கும் இதே வழிதான். கட்டத்துக்குள் மங்கலாகத் தெரியும் ‘மாணவர் பெயர்’ தட்டச்சு செய்யத் தொடங்கியதும் மறைந்துவிடும். கட்டத்துக்கு மேலே நிலையாக எழுதச் சொல்லுங்கள்.

‘இங்கே சொடுக்கவும்’ என்று பத்து இணைப்புகள் இருந்தால் எது எதற்கு என்று காதால் கேட்பவருக்குப் புரியாது. ‘காலாண்டுத் தேர்வு அட்டவணை’ என்றே எழுதுங்கள். விளையாட்டு விழாப் படங்களுக்கு, படத்தில் இருப்பதை வாசிப்பு மென்பொருளுக்குச் சொல்லும் மாற்று உரையாக ஒரு வரி போதும். வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வேண்டவே வேண்டாம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்கிறது, இணையதளங்கள் எல்லோருக்கும் பயன்படுவதற்கான டபிள்யூசிஏஜி என்ற உலகத் தரநிலை. ஓடிக்கொண்டே இருக்கும் அறிவிப்பு வரியை எடுத்துவிடுங்கள். அதை முழுதாகப் படித்து முடிப்பவர்கள் குறைவு.

உங்கள் கணினியில் என்விடிஏ என்ற வாசிப்பு மென்பொருளை இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். திரையை அணைத்துவிட்டு, நாளை லீவா இல்லையா என்று உங்கள் தளத்திலேயே தேடிப் பாருங்கள். அப்புறம் திருத்திய பக்கத்தை அந்த அப்பாவுக்கு அனுப்பி, அவர் போன் அதை எப்படி வாசிக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.