கவிழ்ந்த பாத்திரம்

அன்புள்ள ஐயா,

2007 செப்டம்பரில் பர்மாவில் பௌத்த பிக்குகள் ராணுவ ஆட்சியை எதிர்த்தது பற்றிய உங்கள் கட்டுரையில் ஒன்று விளங்கவில்லை. இங்கே எங்கள் கோயிலில் யார் அர்ச்சனைத் தட்டு நீட்டினாலும் குருக்கள் வாங்கிக்கொள்கிறார். பொங்கிகள், அதாவது அந்தப் பிக்குகள், ராணுவத்தாரின் சோறு வேண்டாம் என்று பிச்சைப் பாத்திரத்தைக் கவிழ்த்ததற்கு ராணுவம் ஏன் அப்படி மிரண்டது? பயமுறுத்தியது அவர்கள் போன ஊர்வலம்தானே? பாத்திரம் கவிழ்ப்பதற்கு முறை ஏதும் உண்டா?

ஒரு வாசகர், ரங்கூன்

அன்புள்ள நண்பருக்கு,

ஊர்வலத்தைவிட மறுப்புதான் பெரிது. கோயில் தட்டோடு ஒப்பிட்டதால்தான் இந்தக் குழப்பம். தினமும் காலையில் உங்கள் தெருவில் பார்க்கிறீர்களே, பொங்கி கேட்பதில்லை. பாத்திரத்தின் மூடியைத் திறந்து நிற்கிறார், அவ்வளவுதான். சோறு போடுகிறவர்தான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுகிறார். பொங்கி வாங்கினால்தான் போடுகிறவருக்குப் புண்ணியம். பிள்ளைக்குச் சிறு துறவு தரும் சின்பியூ சடங்குக்கும் வீட்டுச் சாவுக்கும் பொங்கி வரவேண்டும். பகோடாவுக்குப் பொன் பூசி ஆட்சியை நியாயப்படுத்தும் தளபதிக்கு இந்த வாசல் அடைபட்டால் என்ன மிச்சம்?

முறை உண்டு, பிக்குகளின் ஒழுக்க நூலான வினயத்தின் சுள்ளவக்கம் என்ற பகுதியில். பிக்குகளுக்குத் தீங்கு செய்ய முயல்வது, வசைபாடுவது, அவர்களுக்குள் பிளவு மூட்டுவது, புத்தரையோ, அவர் போதனையான தம்மத்தையோ, பிக்குகளின் கூட்டமான சங்கத்தையோ இழிப்பது என்று எட்டுக் காரணங்கள். ஒரு பொங்கி தனியாக மறுத்தால் அது அவருடைய கோபம் மட்டுமே. குறைந்தது நான்கு பேர் கூடி, ஒருவர் தீர்மானத்தை ஒருமுறை அறிவித்து, மறுபடி ஒருமுறை ஓதி, மற்றவர்கள் மௌனமாக இருந்தால்தான் செல்லும். பாத்திரத்தை நிஜமாகவே கவிழ்க்க வேண்டியதில்லை; 2007 படங்களில் பார்ப்பது ஊருக்குச் சொல்லும் அடையாளம். பர்மிய மொழியில் வேலைநிறுத்தத்துக்கே ‘தபெய்க் மௌக்’, பாத்திரம் கவிழ்ப்பு, என்றுதான் பெயர்.

முக்கியமானது, இது சாபம் இல்லை. குற்றம் செய்தவர் வந்து பணிந்து மன்னிப்புக் கேட்டால் சங்கம் அதே முறையில் கூடிப் பாத்திரத்தை நிமிர்த்தும். அதனால்தான் செப்டம்பர் 5-ல் பக்கொக்கு நகரில் பிக்குகள் அடிபட்டதும், மன்னிப்புக்கு 17-ம் தேதி வரை கெடு வைத்தார்கள். மன்னிப்பு வரவில்லை. 18-ல் மறுப்பு தொடங்கியது. 26, 27 தேதிகளில் ராணுவத்தார் சுட்டார்கள், அடித்தார்கள். ரங்கூனின் தென் ஒக்கலாப்பாவில் உள்ள ங்வே சா யான் மடம் இரவில் சூறையாடப்பட்டது.

ஆனால் துப்பாக்கிக்கு வெகுமுன்பே காகிதம் தயாராக இருந்தது. 1980-ல் ராணுவ ஆட்சியாளர் நே வின் காலத்தில் மூத்த பிக்குகளின் அரசுக் குழு, அங்கீகரித்த ஒன்பது பிரிவுகள், பிக்குகளுக்கு அடையாள அட்டை. 1990-ல் மாண்டலேயில் இதே மறுப்பு எழுந்தபோது மடங்களைச் சோதனையிட்டு, ஒன்பதுக்கு வெளியே எந்தச் சங்க அமைப்பும் கூடாது என்று அக்டோபரில் சட்டம் போட்டார்கள். ஆகவே 2007-ல் பிக்குகள் தாங்களாக ஓர் அமைப்பாகக் கூடியதே குற்றம். வினயம் கூட்டத்தைக் கேட்கிறது, சட்டம் அந்தக் கூட்டத்தைத் தடுக்கிறது. அடக்குமுறையின் முடிச்சு இதுதான் என்பது என் எண்ணம்.

கைதான பிக்குகளின் காவியை உருவினார்கள். துறவையே இழக்கவைக்கும் பாராஜிகம் என்ற பெருங்குற்றம் செய்தாலோ, தானே மனமொப்பித் துறவைக் கைவிட்டாலோ ஒழிய பிக்கு பிக்குதான். சிறைக்காரன் துணியை இழுத்ததால் எதுவும் போய்விடாது. முன்னணியில் நின்ற ஊ கம்பீராவுக்கு 68 ஆண்டு தண்டனை. 2012 ஜனவரியில் விடுதலை. அரசுப் பதிவேட்டில் அவர்களை என்னவென்று எழுதியிருந்தாலும், பகலில் சோறு போட்ட கிழவிகளுக்கு அவர்கள் பொங்கிகள்தான்.